தூங்கும் புலியின் முன் எவ்வளவு நேரம் நிற்பது?

கேள்வி இதுதான்: "நகரத்து உயிரியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு இரண்டு முறை போய்விட்டோம். மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் சுற்றி முடித்தோம். பாதி விலங்குகள் தூங்கிக்கொண்டிருந்தன, மீதியில் பல கண்ணிலேயே படவில்லை. பார்த்த நிறைவு இல்லை. அடைத்து வைத்திருப்பதைப் பார்க்கப் போவதே சரியா என்ற உறுத்தலும் சேர்ந்துகொண்டது. எதை, எப்படிப் பார்க்க வேண்டும்?"

உயிரியல் பூங்கா ஒன்றில் பல ஆண்டுகள் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் பணியில் இருந்திருக்கிறேன். இதே குறையைப் பலர் வாசலில் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் மூன்று மணி நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும். ஒரு நடுத்தரப் பூங்காவில் எண்பது, தொண்ணூறு அடைப்புகள் இருக்கலாம். நடப்பதற்கும் இளைப்பாறுவதற்கும் ஆன நேரத்தைக் கழித்தால், ஒவ்வோர் அடைப்பின் முன்னும் நீங்கள் ஒரு நிமிடம் நின்றிருந்தாலே அதிகம். அந்த ஒரு நிமிடத்தில் விலங்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். விலங்கின் நாளோ அப்படி அமைந்ததில்லை. அடுத்த முறை ஐந்து அடைப்புகளை மட்டும் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றின் முன்னும் இருபது நிமிடமாவது நில்லுங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்பும் முதன்மையான யோசனை. மற்றவற்றைக் கடந்து போவதில் இழப்பு ஒன்றுமில்லை, ஏனென்றால் ஒரு நிமிடப் பார்வையில் அவற்றை நீங்கள் எப்படியும் பார்த்திருக்கப் போவதில்லை.

தூக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சிங்கம் காட்டிலேயே ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்துக் கிடக்கும் விலங்கு. இரையைத் துரத்தும் சில நிமிடங்களில் அது செலவிடும் ஆற்றல் மிகப் பெரிது. அந்தத் துரத்தல்களிலும் பெரும்பாலானவை தோல்வியில் முடிகின்றன. ஆகவே மிச்ச நேரத்தில் அசையாமல் இருப்பதுதான் அதன் பிழைப்பு. வயிறு நிறைந்த மலைப்பாம்பு வாரக்கணக்கில் நகராமல் கிடப்பதும் இதே கணக்குதான். ஆகவே நண்பகலில் படுத்திருக்கும் சிங்கத்தைப் பார்த்து, "பாவம், மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள்" என்று சொல்வதற்கு அடிப்படை கிடையாது. இப்படிச் சொல்பவர்களை நான் ஒவ்வொரு வாரமும் சந்தித்திருக்கிறேன். விலங்கு எழுந்து நடக்கும் நேரத்தில் நாம் அங்கே இல்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

அந்த நேரம் பெரும்பாலான பூங்காக்களில் காலையில், வாசல் திறந்தவுடன் வருகிறது. பெரிய ஊனுண்ணிகளை இரவில் பின்புறத்து இரவுக் கொட்டடியில் வைத்திருந்து, காலையில் அடைப்பைச் சுத்தம் செய்த பிறகு வெளியே விடுவது வழக்கம். வெளியே வந்த புலி முதலில் செய்யும் வேலை தன் எல்லையைச் சரிபார்ப்பது. அது ஓரத்தையொட்டி நடக்கும். ஒரு மரத்தடியில் நின்று முகர்ந்து பார்க்கும். பிறகு தலையை உயர்த்தி, மூக்கைச் சுருக்கி, மேலுதட்டை இழுத்து, வாயைப் பாதி திறந்தபடி சில நொடிகள் அப்படியே நிற்கும். பார்ப்பவர்கள் அது சீறுகிறது என்று பின்வாங்குவார்கள். உண்மையில் அது படித்துக்கொண்டிருக்கிறது: மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு மணத்தைக் கொண்டுபோய், அங்கே யார் வந்தது, எப்போது வந்தது என்று அறிந்துகொள்கிறது. பிறகு திரும்பி நின்று, வாலை உயர்த்தி, மரத்தின் மேல் பின்னோக்கிப் பீய்ச்சும். அந்தத் திரவத்தின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள்களில் ஒன்று பாசுமதி அரிசிக்கு மணம் தரும் அதே பொருள் என்பதை இந்திய உயிர்வேதியியலாளர் ஆர். எல். பிரம்மச்சாரியும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தார்கள். காற்று உங்கள் பக்கம் வீசினால் அதை நீங்களே உணரலாம். காதுகளின் பின்புறத்தில் இருக்கும் வெள்ளைப் பொட்டுகளையும் அப்போது கவனியுங்கள். தூங்கும் புலியில் அவை எளிதில் தெரிவதில்லை. இவ்வளவும் நடந்து முடிய அரை மணி நேரம்கூட ஆகாது. அதன் பிறகு அது நிழலில் படுத்துவிடும். பத்தரை மணிக்கு மேல் வரும் கூட்டம் பார்ப்பது அந்தப் படுத்த புலியைத்தான்.

புலியைப் பற்றிப் பேசும்போது வெள்ளைப் புலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. எந்தப் பூங்காவிலும் மிகப் பெரிய கூட்டம் அங்கேதான் நிற்கிறது. அது தனி இனம் அன்று. பனிப்பிரதேசப் புலியும் அன்று. நிறமியை ஆளும் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் மாறியிருக்கும் வங்கப் புலிதான் அது. இன்று உலகெங்கும் அடைப்புகளில் இருப்பவற்றில் மிகப் பெரும்பான்மை, 1951ஆம் ஆண்டு ரேவா பகுதியில் பிடிக்கப்பட்ட மோகன் என்ற ஒரே ஆண் குட்டியின் வழிவந்தவை. அந்த நிறத்தைத் தக்கவைக்கத் தந்தையையும் மகளையும் இணைத்தே தொடங்கினார்கள்; நெருங்கிய உறவுக்குள் இணைப்பது பல தலைமுறைகள் நீடித்தது. மாறுகண் அவற்றில் அடிக்கடி காணப்படுகிறது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள் இயல்பான பாதையில் போகாததே அதற்குக் காரணம். காட்டுப் புலிகளைக் காப்பதற்கு வெள்ளைப் புலி வளர்ப்பால் எந்தப் பயனும் இல்லை. பக்கத்து அடைப்பில் தனியாக விடப்பட்டிருக்கும் சாதாரணப் புலியின் முன் நிற்பதே நல்லது என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

யானையின் முன் நிற்பதற்கு நேரம் காலம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு நாளில் ஏறத்தாழ 150 கிலோ தீவனம் தின்னும் விலங்கு அது. தின்பதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கிறது என்பதால் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி தின்பதிலேயே கழிகிறது. முழு யானையையும் பார்க்க முயலாமல் துதிக்கையின் நுனியை மட்டும் பாருங்கள். ஆசிய யானைக்கு நுனியில் மேல்புறம் ஒரே ஒரு விரல் போன்ற முனை. ஆப்பிரிக்க யானைக்கு மேலும் கீழுமாக இரண்டு. அதனால் இரண்டும் பொருளை எடுக்கும் விதமே வேறு. ஆசிய யானை புல்லைத் துதிக்கையால் வளைத்துச் சுருட்டிப் பிடிப்பதை அதிகம் காணலாம். ஆப்பிரிக்க யானை இரு முனைகளாலும் கிள்ளி எடுக்கும். வேரோடு வந்த புல்கற்றையை யானை நேராக வாயில் வைப்பதில்லை. முன்காலில் இரண்டு மூன்று முறை அடித்து மண்ணை உதிர்க்கும். உதிராவிட்டால் மறுபக்கம் திருப்பி அடிக்கும். பிறகு கற்றையை உதட்டருகே கொண்டுபோய், தளிர்ப் பகுதியை வாய்க்குள் தள்ளி, வேர்ப் பகுதியைக் கடித்துக் கீழே விடும். இதைப் பத்து முறை பார்த்துவிட்டு ஒரு சிறுமி என்னிடம், "அதுக்கு மண்ணு கடிச்சா பிடிக்காதா?" என்று கேட்டாள். சரியான கேள்வி அது: மண்ணும் மணலும் பற்களைத் தேய்த்துவிடும். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறைதான் கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. கடைசித் தொகுதி தேய்ந்துபோனால் அதற்கு மெல்ல வழியில்லை.

ஒட்டகச்சிவிங்கியிடம் எல்லோரும் உயரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவ்வளவு நீண்ட கழுத்திலும் நமக்கு உள்ளதுபோல ஏழே எலும்புகள்தான் என்பதைப் பலகையில் படித்திருப்பீர்கள். நான் காட்ட விரும்புவது வேறு. அது தின்பதை நிறுத்திவிட்டு நிற்கும் நேரத்தில் கழுத்தின் அடிப்பகுதியைக் கவனித்துக்கொண்டிருங்கள். சிறு உருண்டை ஒன்று தோலுக்கடியில் கழுத்தின் வழியே விரைவாக மேலேறிச் செல்வது தெளிவாகத் தெரியும். அது வாயை அடைந்ததும் தாடை பக்கவாட்டில் அசையத் தொடங்கும். மென்று முடித்த பிறகு அதே உருண்டை கீழிறங்கும், சில நொடிகளில் அடுத்தது ஏறும். அசைபோடுதல் என்று பாடப்புத்தகத்தில் படித்த சொல்லை இவ்வளவு வெளிப்படையாக வேறு எந்த விலங்கும் காட்டுவதில்லை. இதை ஒருமுறை பார்த்த குழந்தை அடுத்த உருண்டைக்காக அங்கேயே காத்து நிற்கும். நாக்கு ஏறத்தாழ 45 செ.மீ. நீளம், கருநீல நிறம். நடக்கும்போது ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் ஏறக்குறைய சேர்ந்தே எழுவதையும் பாருங்கள். இத்தனை நீளக் கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருப்பது அதனால்தான்.

நீர்யானைக் குளத்தின் முன் கடிகாரம் உதவும். அது மூழ்கிய நொடியிலிருந்து எண்ணினால் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் மூக்குத் துளைகள் மேலே வந்து திறக்கும், காதுகள் படபடவென்று நீரை உதறும். ஒன்றுமில்லாத குளம் என்று நினைத்துப் போனவர்கள் அந்த ஐந்து நிமிடம் நிற்காதவர்கள். கரையேறி நிற்கும்போது தோலில் சிவப்பாக ஏதோ கசிவதைக் கண்டு காயம் என்று பதற வேண்டாம். அது இரத்தமும் இல்லை, நம் வியர்வை போன்றதும் இல்லை. வெயிலிலிருந்தும் கிருமிகளிலிருந்தும் தோலைக் காக்கும் சுரப்பு.

பறவைப் பகுதியை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், அது குறைந்தது என்பதால் அல்ல. அங்கே பார்ப்பதற்குச் சொல்லித் தர வேண்டியது குறைவு. பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை வடிகட்டுவதையும், அதன் 'முட்டி' பின்னோக்கி மடங்குவதாகத் தோன்றுவது உண்மையில் கணுக்கால் என்பதையும் கவனித்தால் போதும். அதன் சிவப்பு நிறம் உணவிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகளிலிருந்து வருகிறது. குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். இருவாச்சி இருந்தால் இனப்பெருக்கக் காலத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்போது போங்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலைப் பூசி அடைத்துக்கொள்ள, ஒரு கீற்று இடைவெளியின் வழியே ஆண் பறவை ஒவ்வொரு பழமாகத் தொண்டையிலிருந்து எடுத்து நீட்டும்.

ஊர்வனப் பகுதியில்தான் கண்ணாடியைத் தட்டும் சத்தம் ஓயாமல் கேட்கிறது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் அதிர்வு அதன் உடல் முழுவதற்கும் போய்ச் சேர்கிறது. ஒரு நாளில் நூறு பேர் தட்டினால் நூறு முறை அதற்கு ஆபத்தின் செய்தி கிடைக்கிறது, தப்பியோட இடமோ இல்லை. தட்டாமல் நின்றால் பார்ப்பதற்கு வேண்டியது இருக்கிறது. பாம்புக்கு இமை இல்லை. கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் செதில் ஒன்று மூடியிருக்கிறது. தோலுரிக்கும் நாள் நெருங்கும்போது அந்தச் செதில் பால் கலந்த நீலமாக மங்கிவிடும். அப்படி மங்கிய கண்ணுள்ள பாம்பைக் கண்டால் சில நாள்கள் கழித்துத் திரும்பப் போங்கள், முழுச் சட்டையைக் காணலாம். கூண்டின் ஒரு மூலையில் வெப்ப விளக்கும் மறுமூலையில் குளிர்ந்த நிழலும் இருக்கும். பாம்பு எங்கே படுத்திருக்கிறது என்பதே அப்போதைய அதன் தேவையைச் சொல்லிவிடும். வெளியே முதலை வாயைத் திறந்தபடி அசையாமல் கிடப்பதைப் பலர் பொம்மை என்று நினைத்துக் கல்லெறிகிறார்கள். உடல் வெப்பத்தைச் சீராக்கிக்கொள்ள அப்படித் திறந்து வைத்திருக்கிறது. தாகத்தாலும் கோபத்தாலும் அன்று.

இரவு விலங்குகளுக்கென்று தனி அறை இருக்கும் பூங்காவாக இருந்தால் அதைத் தவறவிட வேண்டாம். அங்கே பகலையும் இரவையும் மாற்றி வைத்திருப்பார்கள்: பூங்கா மூடிய பிறகு பிரகாசமான விளக்கு, பார்வையாளர் வரும் நேரத்தில் மங்கலான ஒளி. விலங்கு சில நாள்களில் அந்த மாற்றத்துக்குப் பழகிவிடுகிறது. நாம் பழக மறுக்கிறோம். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் "ஒன்றும் தெரியவில்லை" என்று அடுத்த வாசல் வழியே வெளியேறுகிறவர்களே அதிகம். நம் கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடமாகும்; பத்து நிமிடம் பொறுத்தாலே கிளையின் ஒரு முடிச்சு என்று நினைத்தது தேவாங்காக மாறிவிடும். அது ஒரு கையை விட்டு அடுத்த கையை வைக்கும் நிதானத்தைப் பார்க்க அதன்பின் எவ்வளவு நேரமும் நிற்கலாம். கைபேசியின் ஒளியை அங்கே போட்டால் விலங்கின் கண் கூசுவதோடு, அறையில் இருக்கும் எல்லோருடைய பத்து நிமிடப் பொறுமையும் ஒரு நொடியில் வீணாகிவிடும்.

இனி, கண்ணில் படாத விலங்குகள். இது குறை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இதை மாற்றிப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இதில்தான் இருக்கிறது. இன்றைய உயிரியல் பூங்காக்களில் இயங்கிவருபவற்றுள் மிகப் பழையது வியன்னாவின் ஷான்புருன், 1752இல் தொடங்கியது. அந்தக் காலத்திலும் அதற்குப் பின் நெடுங்காலமும் கூண்டு என்பது பார்ப்பவருக்காகக் கட்டப்பட்டது: மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி, விலங்கு ஒளிந்துகொள்ள முடியாத வெறுந்தரை. ஜெர்மானிய விலங்கு வணிகர் கார்ல் ஹேகன்பெக் 1907இல் ஹாம்பர்க் அருகே கம்பிகளை அகற்றிவிட்டு அகழிகளைக் கொண்டு விலங்குகளைப் பிரித்துக் காட்டினார். அது பெரிய மாற்றம். ஆனால் கம்பி மறைந்தது நம் கண்ணுக்குத்தான். அகழிக்கு அப்பால் இருந்த விலங்குக்கு எல்லை எல்லையாகவே இருந்தது. அதே ஹேகன்பெக் தொலைநாட்டு மக்களையும் அழைத்துவந்து வேலிக்குள் காட்சிப்பொருளாக நிறுத்தியவர் என்பதையும் இந்த வரலாற்றிலிருந்து விலக்கிவைக்க முடியாது.

விலங்கின் பக்கத்திலிருந்து அடைப்பை நினைக்கக் கற்றுத் தந்தவர் சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர். பெர்ன், பாசல், சூரிக் ஆகிய மூன்று நகரங்களின் பூங்காக்களையும் நிர்வகித்தவர். ஒவ்வொரு விலங்குக்கும், அந்நியர் எவ்வளவு நெருங்கினால் தப்பியோட வேண்டும் என்ற ஒரு தொலைவு உண்டு என்று அவர் விளக்கினார். அந்தத் தொலைவுக்குள் நாள் முழுவதும் மனிதர்கள் நின்றுகொண்டிருந்தால், எவ்வளவு பெரிய கூண்டும் விலங்குக்குப் பொறிதான். ஆகவே பரப்பளவு மட்டும் போதாது. விலகிப் போக ஓர் இடம், ஏறி நிற்க ஓர் உயரம், மறைய ஒரு புதர் வேண்டும். சிறுத்தையின் அடைப்பில் பத்து நிமிடம் தேடியும் சிறுத்தையைக் காணவில்லை என்றால், மறைந்துகொள்ளும் உரிமையை அந்தப் பூங்கா அதற்குக் கொடுத்திருக்கிறது என்று பொருள். எங்கிருந்து பார்த்தாலும் விலங்கு முழுதாகத் தெரியும் அடைப்பைக் கண்டால்தான் எனக்குக் கவலை வருகிறது. தரை சிமெண்டா மண்ணா, நிழல் ஒரே இடத்திலா பல இடங்களிலா, கூட்டமாக வாழும் விலங்கு தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். குரங்குகளுக்கு ஏறுவதற்கு அசையும் கிளைகளும் கயிறுகளும் இருக்கின்றனவா, அல்லது அசையாத இரும்புக் குழாய்கள் மட்டும்தானா என்பதையும் கவனியுங்கள். இந்த நான்கு கேள்விகளோடு நின்றால் எந்தப் பலகையும் சொல்லாததை அடைப்பே சொல்லும்.

விலங்கின் உடலும் சொல்லும். ஒரு கரடியோ ஓநாயோ ஒரே தடத்தில், ஒரே இடத்தில் திரும்பி, திரும்பும்போது ஒவ்வொரு முறையும் தலையை ஒரே விதமாக வீசியபடி நடந்துகொண்டே இருந்தால், அது உலாவல் இல்லை, அடைபட்ட வாழ்வின் நெருக்கடியில் வரும் ஓயாத அசைவு. தரையில் அந்தத் தடம் புல் முளைக்காமல் தேய்ந்திருக்கும். யானை நின்ற இடத்திலேயே ஓயாமல் ஆடுவதும், கிளி தன் மார்பு இறகுகளைப் பிடுங்கிக்கொள்வதும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். ஆயினும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். உணவு நேரத்துக்குச் சற்று முன் கதவருகே நடைபோடுவது பல விலங்குகளுக்கு உண்டு, அது எதிர்பார்ப்பு. முன்பு மோசமான இடத்தில் வாழ்ந்து பின்னர் மீட்கப்பட்ட விலங்கு, நல்ல அடைப்புக்கு வந்த பிறகும் பழைய அசைவை விடாமல் இருப்பதுண்டு. எந்த விலங்குகளுக்கு அடைப்பு மிகவும் பொருந்தாது என்பதை ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: காட்டில் மிகப் பரந்த எல்லைகளில் சுற்றும் ஊனுண்ணிகளிடமே இந்த ஓயாத நடையும் குட்டி இறப்பும் மிகுதி. துருவக் கரடிக்குப் பூங்காக்கள் தரும் இடம், காட்டில் அதன் மிகச் சிறிய எல்லையில்கூட ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்த ஆய்வைப் படித்த பிறகு துருவக் கரடியை நகரத்துப் பூங்காவில் வைத்திருப்பதை என்னால் ஆதரிக்க முடிந்ததில்லை.

அப்படியானால் போவது சரியா என்ற உறுத்தலுக்கு வருகிறேன். பூங்காக்களின் கடந்த காலத்தில் மூன்று மரணங்கள் எனக்கு மறப்பதில்லை. குவாக்கா என்ற, பாதி உடல் மட்டும் வரிகொண்ட ஆப்பிரிக்க வரிக்குதிரையின் கடைசி உயிர் 1883ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் பூங்காவில் இறந்தது. அதுதான் கடைசி என்பதுகூட அப்போது உணரப்படவில்லை. வட அமெரிக்க வானத்தை ஒருகாலத்தில் மறைத்துப் பறந்த பயணப் புறாக்களில் கடைசியாக எஞ்சிய மார்த்தா, 1914ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி பூங்காவில் இறந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் வாழ்ந்த, முதுகில் வரிகொண்ட பைப்பாலூட்டியான தைலசின் 1936இல் ஹோபார்ட் பூங்காவில் முடிந்துபோனது. காட்டில் அழிக்கப்பட்ட ஒன்றின் கடைசிப் பிரதியைக் கூண்டில் வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது என்பதை இந்த மூன்றும் காட்டின.

மறுபுறம், அரேபிய ஓரிக்ஸ் மான் இருக்கிறது. வேட்டையால் அது அருகிவிட்டதைக் கண்டு 1960களின் தொடக்கத்தில் சிலவற்றைப் பிடித்து, பிற இடங்களிலிருந்து கிடைத்தவற்றையும் சேர்த்து, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பூங்காவில் ஒரு மந்தையை உருவாக்கினார்கள். 1972இல் காட்டில் எஞ்சியிருந்தவையும் கொல்லப்பட்டன. பத்து ஆண்டுகள் கழித்து, 1982இல், அடைப்புகளில் பெருகியவற்றின் வழித்தோன்றல்கள் ஓமானின் பாலைவனத்தில் திறந்துவிடப்பட்டன. பிரிசெவால்ஸ்கி குதிரை என்ற காட்டுக் குதிரையும் அப்படித்தான்: 1960களின் முடிவில் மங்கோலியாவில் காட்டிலிருந்து மறைந்தது, பூங்காக்களில் மட்டும் உயிர்வாழ்ந்தது, 1992 முதல் மீண்டும் தன் புல்வெளியில் மேய்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பதிவேடு. ஒவ்வொரு விலங்கின் தாய், தந்தை, பிறந்த நாள் ஆகியவற்றை நாடுகள் கடந்து குறித்துவைத்து, எந்த ஆணை எந்தப் பெண்ணோடு இணைத்தால் உறவு நெருங்காமல் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். வெள்ளைப் புலிக்குச் செய்யப்பட்டதற்கு நேர் எதிரான வேலை இது.

எல்லா அடைப்புக்கும் இப்படி ஒரு கதை இருப்பதில்லை. சில விலங்குகள் கூட்டத்தை வரவழைக்க மட்டுமே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பூங்கா சரியா தவறா என்று மொத்தமாகக் கேட்பதைவிட, இந்த அடைப்பு எதற்காக என்று ஒவ்வொன்றின் முன்னும் கேட்பதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. பராமரிப்பாளரிடமே கேளுங்கள். ஓய்வான நேரத்தில், மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள். விலங்குக்கு இன்று என்ன வேலை கொடுத்தீர்கள் என்பது நல்ல கேள்வி: உணவை மரத்துளைக்குள் ஒளித்தோ, பனிக்கட்டியில் உறையவைத்தோ, புது மணம் பூசிய கட்டையை உருட்டிவிட்டோ விலங்கைத் தேடவும் யோசிக்கவும் வைக்கும் பூங்காவில் அதற்கு உடனே பதில் வரும். மருத்துவப் பரிசோதனைக்கு ஒத்துழைக்கப் பழக்கியிருக்கிறீர்களா என்பது இன்னொன்று. நல்ல பயிற்சி பெற்ற புலி, மயக்க ஊசி இல்லாமலே, கம்பியோரம் படுத்து வாலை வெளியே எடுக்கவிட்டு, இரத்தம் எடுத்து முடியும்வரை இறைச்சித் துண்டுக்காகக் காத்திருக்கும்.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக: ஓர் அடைப்புக்கு ஒரு கேள்வி கொடுங்கள். எத்தனை முறை நாக்கை நீட்டியது, எந்தக் கையால் எடுத்தது, யார் யாருக்குப் பேன் பார்த்தார்கள் என்பது போன்ற எண்ணிச் சொல்லும் கேள்விகள். குரங்கு பல்லைக் காட்டினால் அது சிரிக்கிறது என்று சொல்லித் தராதீர்கள். பெரும்பாலும் அது அச்சம் அல்லது எச்சரிக்கை. எதிர்நின்று நாமும் பல்லைக் காட்டுவது அதற்கு மிரட்டல். உணவு எறிவதை ஏன் தடுக்கிறார்கள் என்பதையும் அங்கேயே காட்டலாம்: ஒரு துண்டு விழுந்த உடனே வலிய ஆண் குரங்கு பாய்ந்து வர, சிறியவை அலறி ஒதுங்குவதைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

அடுத்த முறை வாசல் திறக்கும் நேரத்துக்கு நுழைந்து, வழியில் எதற்கும் நிற்காமல் நேரே புலிக்குப் போங்கள். வெயில் ஏறியதும் யானை, நண்பகலில் இரவு விலங்குகளின் அறை, பிறகு ஒட்டகச்சிவிங்கி. மழை தூறினால் திரும்பிவிட வேண்டாம். மழை விட்டவுடன் அடைப்புகள் முழுவதும் அசையத் தொடங்கும். மூடுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தை மீண்டும் புலியிடம் கொடுங்கள். அந்நேரம் கூட்டம் கலைந்திருக்கும். காலையில் முகர்ந்த அதே மரத்தை அது மறுபடி ஒருமுறை முகரும், பிறகு பின்சுவரை ஒட்டிய கதவருகே போய் அமர்ந்துகொள்ளும். உள்ளே வாளி வைக்கும் ஓசை கேட்டதும் இரண்டு காதுகளும் ஒன்றாகத் திரும்பும். கதவு மேலே தூக்கப்படும். தலையைத் தாழ்த்தி அது உள்ளே போகும்போது காதுகளின் பின்புறத்து வெள்ளைப் பொட்டுகள் இரண்டும் கடைசியாகத் தெரியும்.